பரங்கி அடுக்குத் தொடுகறி

நெய்வேலி நகரியத்தில் விருந்து வைக்கிற குடும்பங்களுக்கு வெளியூர்க்காரர்கள் அறியாத ஒரு சங்கடம் உண்டு. அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே வேளையில் வந்து பந்தியில் அமர்வது என்பது இங்கே அபூர்வம். முதல் ஷிப்டு முடிந்து, குளித்து, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தவர் மாலை ஐந்து மணிக்கே வந்துவிடுவார். எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ்காரர் இரவு ஷிப்டுக்குப் புறப்படும் வழியில் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, கால் மணி நேரம் உட்கார்ந்து, ஏதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார். இரண்டாம் ஷிப்டுக்காரரோ மற்றவர்கள் கைகழுவி விடைபெற்ற பிறகே படியேறுவார். ஆகையால், சுடச்சுடப் பரிமாறினாலன்றி ருசிக்காத பதார்த்தங்களைக் காட்டிலும், முன்கூட்டியே பக்குவம் செய்து குளிர்ச்சியில் வைத்திருந்து, யார் எப்பொழுது வந்தாலும் எடுத்து நீட்டத்தக்க பதார்த்தங்களே இவ்வூர் இல்லங்களுக்கு உகந்தவை. இந்த அத்தியாயத்தில் விவரிக்கப்போகும் அடுக்குத் தொடுகறி அத்தகையது.

அக்டோபர் 31-ஆம் தேதி இரவை மேனாட்டார் ஹாலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். மறுநாள், நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். அதற்கு அடுத்த நாள், நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் குடும்பத்தோடு சென்று கல்லறைகளைக் கழுவி, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து மௌனமாக நிற்கிற கல்லறைத் திருநாள். இவ்விரு நாட்களுக்கும் வாசற்படியாக அமைந்த இரவு அது. அறுவடை முடிந்து குளிர் தலைகாட்டுகிற அந்த இரவில் மாண்டவர்களின் ஆவிகள் உலவும் என்று நம்பிய அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து அதனுள் விளக்கேற்றி வைத்தார்கள் என்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய அவர்கள் அங்கே அதைவிடப் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் பரங்கிக்காய் விளைந்திருக்கக் கண்டு அதற்கு மாறிக்கொண்டார்கள் என்பதும் சரித்திரம். மகாளய அமாவாசையன்று பிதிர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்கிற நமக்கு, போனவர்களை நினைப்பதற்கென்று ஓர் இரவை ஒதுக்கி வைப்பது அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்க, பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு இங்கே வந்து போகிற வீடுகள் இந்நகரியத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கின்றன. அந்தக் குழந்தைகள் தங்கள் ஊர்ப் பண்டிகையை இங்கே தேடும்போது, பாட்டி வீட்டில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்று காட்டுவது நம் கடமை என்று நான் கருதுகிறேன்.

அந்த இரவின் விருந்துகளில் அமெரிக்கர்கள் நடுவில் வைக்கிற பதார்த்தங்களுள் ஒன்று அடுக்கு டிப். டெக்சஸ், மெக்சிகோ ஆகிய இரண்டு சமையல்களின் கலப்பில் பிறந்து, 1980-களில் அந்நாடெங்கும் பரவியது இது. மசித்த பயறு, வெண்ணெய்ப் பழத்தின் விழுது, புளித்த பாலேடு, தக்காளி வெங்காயக் கலவை, துருவிய பாலாடைக்கட்டி, கறுப்பு ஆலிவ் காய் என்று ஆறேழு வகைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி, சோள வறுவலால் தொட்டு எடுத்துத் தின்பார்கள்; ஹாலோவீன் வந்தால் அதன் தலையில் வெள்ளைப் பாலேட்டால் ஒரு சிலந்தி வலை வரைந்துவிடுவார்கள். டிப் என்ற சொல்லுக்கு நாம் திகைக்க வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்குத் தொடுகறி என்ற அழகான சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது; அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வெண்ணெய்ப் பழத்தையும் ஆலிவையும் தேடிச் சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று யாரேனும் நினைத்தால், அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சேலம், கோவைப் பக்கத்தில் அரசாணிக்காய் என்றும், சென்னையில் மஞ்சள் பூசணி என்றும் வழங்குகிற காயை நம் தென்னார்க்காட்டுச் சீமையில் பரங்கிக்காய் என்கிறோம். பரங்கியர், அதாவது கப்பலேறி வந்த ஐரோப்பியர், கொண்டுவந்த காய் என்று அந்தப் பெயரே சாட்சி சொல்கிறது. அதே பரங்கியரின் பெயரைத் தாங்கிய பரங்கிப்பேட்டை துறைமுகம் நெய்வேலியிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், வெள்ளாற்று முகத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய காய் அது. மிளகாயும் தக்காளியும் அப்படியே வந்தவை. பண்ருட்டியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கொல்லைகளாய் நிற்கிற முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். ஆக, ஹாலோவீன் இரவின் பண்டங்களில் பாதி நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையில் இறங்கி, நம் மண்ணில் வேரூன்றி, நம் பெண்களின் கைப்பக்குவத்துக்கு வசப்பட்டு நிற்கின்றன. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு காலைப்பொழுதில் வாங்கக்கூடிய சாமான்களைக் கொண்டே இந்தத் தொடுகறியைச் செய்துவிடலாம்.

செய்முறைக்குள் போகுமுன் எனக்கு நேர்ந்த ஒரு தோல்வியைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த அத்தியாயத்தின் சாரம் முழுவதும் அதிலிருந்து நான் கற்றதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்த சமயம், “பாட்டி, எங்க ஊர்ல இதுக்கு ஏழு லேயர் இருக்கும்” என்று அவள் விரல்விட்டு எண்ணிச் சொல்லச் சொல்ல, நானும் உற்சாகத்தோடு பரங்கிக்காயை நீரில் வேகவைத்து மசித்து, கடைத் தயிரை அப்படியே ஊற்றி, பச்சைத் தக்காளியை அரிந்து தூவி, அடுக்கு ஏழு என்று நிறைவோடு மேஜைமேல் வைத்தேன். ஒரு மணி நேரம் கழியவில்லை. மஞ்சள் நீர் கண்ணாடி ஓரமாகக் கீழே வடிந்து, வெள்ளை அடுக்கில் கோடுகோடாய்ப் பரவி, அடியிலிருந்த பயற்றுக்கூழோடு சேர்ந்து, மழைநாளில் சாலையோரப் பள்ளத்தில் தேங்குமே அந்த நிறத்தில் ஒரு குழம்பாகிப் போயிற்று. குழந்தையின் முகம் வாடியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று வந்திருந்தவர்களில் ஒருவர், சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர், பாத்திரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, சுரங்கத்துலயும் இதே கதைதான். அடித் தண்ணிய எறக்காம கரியத் தொட்டா, கீழேர்ந்து பொத்துக்கிட்டு மேல வந்துடும். மொதல்ல தண்ணிய வாங்கணும், மத்ததெல்லாம் அப்பறந்தான்.”

அவர் சொன்னதின் உண்மையை நெய்வேலிவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து இவ்வூரின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும், நிலம் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த கிராமங்களின் வயல்களுக்கடியில், ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அடுக்கடுக்காக அகற்றுவதிலும், அதைவிடக் கடினமான மற்றொரு காரியத்திலும் கழிந்தன. கரிப்படுகைக்குக் கீழே மணலுக்குள் ஒரு நீர்ப்பரப்பு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலிருக்கும் மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால் அந்த நீர் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆதலால் இரவு பகல் ஓயாமல் குழாய்க் கிணறுகளால் இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்பே கரியை வெட்டுகிறார்கள். அடுக்குகள் ஸ்திரமாக நிற்பதும் நிற்காததும் அவற்றுக்குள்ளிருக்கும் நீரைப் பொறுத்தது. அடுத்த ஆண்டு நான் செய்த தொடுகறி நள்ளிரவு வரையில் கோடு கலையாமல் நின்றதற்கு இந்த ஒரு பாடம் தவிர வேறு ரகசியம் இல்லை.

பதினைந்து பேருக்கு அளவு சொல்கிறேன். சுவர் நேராக நிற்கிற, 20 சென்டிமீட்டர் விட்டமும் 8 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வேண்டும். கிண்ணம்போல் அடி குறுகியது உதவாது, ஏனெனில் அதில் அடி அடுக்கு சிறுத்து மேலடுக்கு பெருத்து, ருசியின் விகிதம் கெட்டுவிடும். சாமான்கள்: சிவப்புக் காராமணி கால் கிலோ, ஆடை நீக்காத பாலில் உறைந்த புளிக்காத தயிர் ஒன்றேகால் லிட்டர், உடைத்த முந்திரி 75 கிராம், நன்றாக முற்றிய பரங்கிக்காய் ஒரு கிலோ, கொத்தமல்லி இரண்டு பெரிய கட்டு, புதினா ஒரு கட்டு, தேங்காய் ஒரு மூடி, பொட்டுக்கடலை, பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம், நல்லெண்ணெய், நெய். முந்திரியில் முழுப் பருப்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம். எப்படியும் அரைக்கப் போகிறோம். பண்ருட்டிச் சாலைக் கடைகளில் உடைத்த பருப்பு மலிவாகக் கிடைக்கும். அந்தப் பருப்பை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கிற பெண்களின் விரல்கள் ஓட்டு எண்ணெயின் காரம் பட்டுக் கறுத்து வெடித்திருப்பதைப் பார்த்தவர்கள் ஒரு பருப்பைக்கூடச் சிந்த மாட்டார்கள்.

தயிர் வேலை முதல் நாள் மாலையிலேயே தொடங்க வேண்டும். பழைய வேட்டித் துணியை வெந்நீரில் அலசிப் பிழிந்து, நான்காய் மடித்து, தயிரை அதில் கொட்டி முடிந்து, பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் குழாயில் இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். அதற்குமேல் வெளியில் விட்டால் புளித்துப்போகும் ஆகையால், முடிச்சோடு ஒரு வடிதட்டில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் ஏந்தி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கவிட வேண்டும். விடிந்ததும் துணியைப் பிரித்தால் துணியின் நெசவு பதிந்த வெள்ளை உருண்டை ஒன்று இருக்கும். கரண்டியால் கீறினால் கீறல் மூடாது. அளவு பாதிக்கும் குறைவாகிவிட்டதே என்று மனம் தளர வேண்டாம். வடிந்த நீரை மாவு கரைக்கவோ மோர்க்குழம்புக்கோ வைத்துக்கொள்ளலாம். முந்திரியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரம் ஒற்றியெடுத்து, இரண்டு கரண்டி வடித்த தயிரை மட்டும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்து, மீதித் தயிரோடு உப்புப் போட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். முந்திரி இங்கே ருசிக்கு மட்டுமன்று, எஞ்சியிருக்கும் ஈரத்தையும் பிடித்து நிறுத்தும். வருகிற குழந்தைகளில் யாருக்கேனும் கொட்டைப் பருப்புகள் ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரை முன்னதாக விசாரித்துக்கொள்வது அவசியம். ஒத்துக்கொள்ளாது என்றால் முந்திரியை விட்டுவிட்டு, இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவைச் சலித்துச் சேர்க்கலாம்.

காராமணியை அடியடுக்குக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நிறம். வெந்து மசிந்தால் பழுப்பு நிலக்கரியின் அசல் வர்ணம். முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில், மூழ்குகிற அளவுக்கு மட்டும் நீர் விட்டு, குக்கரில் நான்கைந்து விசில் விடுங்கள். விரலால் நசுக்கினால் தோலும் உள்ளும் ஒன்றாகக் குழைய வேண்டும். நீரை ஒட்ட வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, பயற்றை மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசைபோல் இழுபடும், அது எனக்குப் பிடிப்பதில்லை. கனமான வாணலியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும், சீரகம், தட்டிய பூண்டு எட்டுப் பல், ஒரு தேக்கரண்டி மிளகாய்த் தூள், சுண்டைக்காயளவு புளியின் கெட்டிக் கரைசல் ஆகியவற்றை வதக்கி, பயற்றைக் கொட்டி, உப்பிட்டு, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எப்பொழுது இறக்குவது என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: கரண்டியின் விளிம்பால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை நிதானமாக எண்ணுங்கள், எண்ணி முடியும் வரையில் அந்தக் கோட்டில் வாணலியின் அடி தெரிந்துகொண்டே இருந்தால் பக்குவம் வந்துவிட்டது, இரண்டு என்னும்போதே கோடு மூடிக்கொண்டால் இன்னும் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

பச்சை அடுக்கு நமக்குப் பழகிய தொகையல்தான். அதிகம் சொல்லத் தேவையில்லை. கீரைகளைக் கழுவித் துணியில் பரப்பி, நிழலில் நீர் முழுதும் உலர்ந்த பின், இஞ்சி, பச்சை மிளகாயோடு எண்ணெயில் சுருள வதக்கி, தேங்காய்த் துருவல், இரண்டு கரண்டி பொட்டுக்கடலை, உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஒரு சொட்டு நீரும் விடாமல் அரைக்க வேண்டும். மிக்ஸி சுற்ற மறுத்தால் எண்ணெய் விடுங்கள், தண்ணீர் விடாதீர்கள்.

பரங்கிக்காயில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் அதில்தான் தவறினேன். காம்பு காய்ந்து தக்கைபோல் இருக்கிற, தட்டினால் கனத்த ஓசை தருகிற, வெட்டினால் உள்சதை செம்மண் நிறத்தில் இருக்கிற காயைப் பார்த்து வாங்குங்கள்; வெளிறிய மஞ்சளாக இருந்தால் அது இளசு, அதில் நீர்தான் அதிகம். குழந்தைகள் முகம் செதுக்கி விளக்கு வைக்க ஆசைப்பட்டால், காயை முழுதாக வாங்கி, மேல்மூடியை அரிந்து, உட்சதையை உரமான கரண்டியால் சுரண்டித் தொடுகறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். விதைகளைக் கழுவிக் காயவைத்து, வெறும் வாணலியில் பொரிய வறுத்தால் மேலே தூவ உதவும். சதைத் துண்டுகளை ஒருபோதும் நீரில் போட்டு வேகவைக்கக் கூடாது. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, வடிதட்டில் கால் மணி நேரம் ஆறவிட்டு, மசித்து, நெய்யில் மிளகுத்தூள், சுக்குத்தூள், நெல்லிக்காயளவு வெல்லம், உப்பு சேர்த்து, அல்வாவுக்குக் கிளறுவதுபோல் சுருளக் கிளற வேண்டும். முதலில் கொதித்துத் தெறிக்கும். பிறகு ஆவி குறையும். கடைசியில் உருண்டு திரண்டு, நெய் ஓரத்தில் மினுமினுக்கும். அப்பொழுது இறக்கினால் கரண்டியைச் சாய்த்தாலும் நழுவாது. வெல்லத்தின் இனிப்பு மேலோட்டமாகத் தெரிய வேண்டும், தூக்கலாக இருக்கக் கூடாது. கீழேயுள்ள தொகையலின் காரத்தோடு சேரும்போதுதான் அதன் பிரயோஜனம் விளங்கும்.

தக்காளி, வெங்காயத்தை அடுக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். உப்புப் பட்டதும் தக்காளி நீர் விடும். எவ்வளவு வடித்தாலும் விட்டுக்கொண்டே இருக்கும். விதை நீக்கிப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு கலந்து, தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நான்கு வகைகளும் அறவே ஆறிய பிறகே அடுக்கத் தொடங்க வேண்டும். சூட்டோடு அடுக்கினால் ஆவி கீழிறங்கி நீராகி, நாம் இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும். பயற்றில் ஒரு சிறு கிண்ணமளவு தனியே எடுத்து மூடி வைத்துவிட்டு, மீதியைப் பாத்திரத்தின் அடியில் இட்டு, எண்ணெய் தடவிய கரண்டியின் முதுகால் மட்டமாக்கி, கண்ணாடிச் சுவரில் தெறித்ததை உலர்ந்த துணியால் துடைத்து, இருபது நிமிஷம் குளிரில் வையுங்கள். அடுத்தடுத்த அடுக்குகளை நடுவில் கொட்டிப் பரப்பக் கூடாது. அப்படிச் செய்தால் கீழடுக்கு அமுங்கி ஓரத்தில் பிதுங்கும். சிறுசிறு உருண்டைகளாக எடுத்து, முதலில் கண்ணாடியை ஒட்டிச் சுற்றிலும் வைத்து, பிறகு நடுவை நிரப்பி, மெல்ல இணைக்க வேண்டும். பயற்றின்மேல் தொகையலை மெல்லியதாகப் பரப்புங்கள், அது உக்கிரமானது. அதன்மேல் தயிர், விரற்கடை கனம், அதில் மூன்று கரண்டி மட்டும் வலைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே பரங்கி. முடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அடியில் பழுப்புக் கரி, நடுவில் நம் சுரங்கங்களின் மேல்மண்ணோடு வருகிற வெண்களிமண்ணின் நிறம், உச்சியில் செம்மண். கரிக்கும் களிமண்ணுக்கும் இடையே பச்சை மட்டும் நிலத்தடியில் கிடையாது. நகரியத்துச் சாலைகளின் மரநிழலை எண்ணி அதை அங்கே வைத்தேன் என்று பேத்தியிடம் சொன்னேன், அவளும் ஒப்புக்கொண்டாள். மூன்று மணி நேரம் மூடிக் குளிரவிடுங்கள்.

விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் வலை வரையலாம். நிறுத்திய தயிரில் சில சொட்டுப் பால் விட்டு, கோலமாவு இழைபோல் விழுகிற பதத்துக்கு நெகிழ்த்து, சுத்தமான பிளாஸ்டிக் பையில் நிரப்பி, ஒரு மூலையை ஊசிமுனையளவு கத்தரியுங்கள். வட்டம் வட்டமாக வரைந்து பல்குச்சியால் கோடு இழுக்கச் சொல்வார்கள். அது கூழ்போன்ற மேற்பரப்புக்குச் சரி, நம் பரங்கியோ கெட்டியானது, குச்சி உழுதுவிடும். ஐப்பசி மழை விட்ட காலையில் தோட்டத்து வேலியில் நீர்த்துளி கோத்து நிற்கிற வலையை ஒரு முறை உற்றுப் பாருங்கள்: நடுவிலிருந்து எட்டுத் திக்கிலும் நேர் இழைகள், அவற்றை இணைக்கிற குறுக்கிழைகளோ ஊஞ்சற்கயிறுபோல் உள்நோக்கித் தொய்ந்தவை. அந்தக் கிரமத்திலேயே, முதலில் எட்டு நேர்க்கோடுகள், பிறகு நடுவை நோக்கித் தொய்கிற வளைவுகள் நான்கு சுற்று. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது ஐந்து நிமிஷ வேலை. ஓரத்தில் ஓர் உலர்ந்த கருந்திராட்சையை வைத்து, பொரித்த சேமியாவை ஒடித்துப் பக்கத்துக்கு நான்காகச் செருகினால் சிலந்தி தயார். சேமியா நமத்துப்போகும் ஆதலால் கால்களைக் கடைசி நிமிஷத்தில் செருகுங்கள். மேனாட்டில் சிலந்தி பயமுறுத்துவதற்காக வருகிறது. நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலை பின்னிக் காத்து, மறு பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்த சிலந்தியின் கதையையும் அந்த நேரத்தில் சொல்லலாம். என் பேத்தி அதைக் கேட்ட பிறகு தன் சிலந்திக்குச் சேமியாவில் ஒரு கிரீடம் வைத்தாள்.

தொட்டுக்கொள்ளத் தட்டையே முதல் தரம். வழக்கத்தைவிடச் சற்றுக் கனமாகவும், மிளகாயைப் பாதியாகக் குறைத்தும் தட்டினால், நான்கு அடுக்கின் பாரத்தையும் ஒடியாமல் தாங்கும். மரவள்ளி வறுவல் அடுத்தபடி; அப்பளம் பாதியில் உடைந்து உள்ளே விழுந்துவிடும். மேலோட்டமாகச் சுரண்டினால் பரங்கி மட்டுமே வரும் ஆகையால், நீண்ட கரண்டி ஒன்றை வைத்து, செங்குத்தாக அடிவரை இறக்கி, எல்லா அடுக்கும் சேர எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்ளும்படி வந்தவர்களுக்குச் சொல்லுங்கள். முதலில் எடுப்பவர் ஓரத்திலிருந்து தொடங்கட்டும். வலை அதிக நேரம் பிழைத்திருக்கும்.

தயிர் சேர்ந்த பதார்த்தம் என்பதால் நம் ஊர் உஷ்ணத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் மேஜையில் இருக்கக் கூடாது. ஒரு தொகுதி வந்து போனதும் மூடிக் குளிரில் வைத்து, அடுத்தவர்கள் வரும்போது எடுப்பதே முறை. வெளியிலிருந்த நேரம் எல்லாம் கூட்டி இரண்டு மணியைத் தாண்டினால் எஞ்சியதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். தொடக்கத்தில் தனியே எடுத்து மூடிய காராமணிக் கிண்ணம் இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவருக்கு. தோசைக்கல் காய்ந்ததும் மாவை வார்த்து, நடுவே அதில் இரண்டு கரண்டி வைத்துப் பரப்பி, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு மடித்துக் கொடுங்கள்.